இருநூறு பேருக்கான உப்பு

மார்ச் 25, 2020, புதன்

இந்த டைரி எனக்காக வந்ததல்ல. எண்ணெய் மண்டிக்காரர் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஹோட்டலுக்குக் கொடுப்பது. அப்பா இதில் ஆர்டர் குறித்து வைப்பார். பிப்ரவரி 5-ஆம் பக்கத்தில் ‘பழனி பாதயாத்திரை, 120 பேர், பொங்கல் வடை’ என்று இருக்கிறது. மார்ச் 8-இல் ‘காதுகுத்து, 60 பேர்’. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. இன்று காலை இதை என்னிடம் நீட்டி, “ஆர்டரெல்லாம் நின்னு போச்சு. நீ ஏதாச்சும் எழுதிக்க கண்ணு,” என்றார்.

இருநூற்று எண்பத்திரண்டு வெள்ளைப் பக்கங்கள்! எண்ணிவிட்டேன்.

என் பெயர் இளமதி. எட்டாம் வகுப்பு. இனி ஒன்பதாம் வகுப்பு, ஏனென்றால் தேர்வே இல்லாமல் எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். சமூக அறிவியலை நான்கு முறை படித்து முடித்திருந்த என்னை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் பாஸ் போட்டது அவமானம். இருந்தாலும் வீட்டுக்குள் மூன்று முறை குதித்தேன்.

எங்கள் ஹோட்டலின் பெயர் உதயம். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அப்பா விடிவதற்கு முன்னே போய் நான் தூங்கிய பிறகு வருவார். தீபாவளி தவிர அவர் பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது ஊரடங்கு, இருபத்தொரு நாள். எங்கள் வீட்டுக்கு ஒரு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தது போல இருக்கிறது. வந்தவருக்கு எது எங்கே என்று தெரியவில்லை.

“கோகிலா, டம்ளர் எங்க இருக்குது?”

“பதினஞ்சு வருசமா இதே அலமாரிலதானுங்க இருக்குது,” என்றாள் அம்மா.

மார்ச் 27, வெள்ளி

அப்பா இன்று சமைத்தார். இதை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும்.

“மூணு பேருக்கு ஒரு சாம்பார். இதென்ன பெரிய வேலை,” என்று ஆரம்பித்தார். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தான் சமைக்காமல் ஒருவர் சமைப்பதை அவள் பார்ப்பது இதுவே முதல் முறையாம்.

பருப்பு சரியாகத்தான் போட்டார். உப்பில்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டடி தள்ளி நின்று, பார்க்காமலே, கை நிறைய அள்ளி வீசினார். ஹோட்டலில் அப்படித்தான் போடுவார். இருநூறு பேருக்கான உப்பு.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “ஏனுங்க! மூணு பேருங்க நாம!”

“தெரியும். நான் மூணு பேருக்குத்தான் போட்டேன். கை எச்சாப் போட்டிருச்சு.”

உப்பைச் சரிக்கட்டத் தண்ணீர். தண்ணீரைச் சரிக்கட்டப் பருப்பு. பருப்பைச் சரிக்கட்டப் புளி. அதற்குள் சாம்பார் குக்கரிலிருந்து இட்லிக் குண்டாவுக்கு மாறிவிட்டது. ருசி பார்த்து, “உப்பு கொஞ்சம் பத்தலையோ?” என்றவர், நாங்கள் “வேண்டாம்!” என்று கத்துவதற்குள் மறுபடி வீசிவிட்டார்.

கடைசியில் இட்லிக் குண்டா, குக்கர், இரண்டு தூக்குப்போசி, ஒரு புது வாளி, எல்லாவற்றிலும் சாம்பார். வாளி நிறைய! அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வாளியைப் பெருமையாகப் பார்த்து, “ருசி எப்படி?” என்றார்.

ருசி பிரமாதம். அதை மறைக்கக் கூடாது.

மார்ச் 28, சனி

காலை: இட்லி, சாம்பார். மதியம்: சோறு, சாம்பார். இரவு: சாம்பார்.

மார்ச் 29, ஞாயிறு

சாம்பார். (அம்மா இன்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.)

ஏப்ரல் 1, புதன்

ஹோட்டல்களில் மதியம் வரை பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்று அனுமதி இருக்கிறது. அப்பா விடிவதற்கு முன்னே கிளம்பிப் போய்க் கடையைத் திறந்தார். ஒன்றரை மணிக்குத் திரும்பினார்.

“எப்படிங்க இருந்துச்சு?” என்று அம்மா கேட்டாள்.

“ஜோரு.”

நான் துருவித் துருவி விசாரித்தேன். மொத்தம் நான்கு இட்லி ஊற்றியிருக்கிறார். இரண்டை டிராபிக் போலீஸ்காரர் வாங்கினார். இரண்டை அப்பாவே சாப்பிட்டார். ஆக, நூறு சதவீத விற்பனை!

பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸே இல்லையாம். ஒரு நாய் பழனி பஸ் நிற்கும் இடத்தில் நடுவாகப் படுத்திருந்ததாம். அப்பா நாளைக்குத் திறக்கப் போவதில்லை. “பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல மொதலாளி நானில்ல கண்ணு, பஸ்ஸுதான்,” என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அப்பாவுக்கு உதவ விகிதக் கணக்கைப் பயன்படுத்தினேன். இருநூறு பேருக்கு எவ்வளவு பருப்பு, புளி, மிளகாய்த்தூள், பெருங்காயம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, எல்லாவற்றையும் இருநூறால் வகுத்து மூன்றால் பெருக்கினேன். பெருங்காயம் ஒரு எறும்பின் தலை அளவு வந்தது. அதையும் ஊசி முனையால் எடுத்துப் போட்டோம்.

அது சாம்பார் இல்லை. சாம்பாரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட தண்ணீர்.

“கணக்கு செரிதான்,” என்று அப்பா என்னைத் தேற்றினார். “சின்னப் பாத்திரத்துல சத்தமே வர்றதில்ல கண்ணு. பழனில கொதிச்சா களக் களக்குன்னு ஒரு சத்தம் வரும். அதக் கேட்டுத்தான் கை போகும்.”

பழனி என்பது இங்கே ஊர் இல்லை, அண்டா. எங்கள் ஹோட்டலின் மூன்று பித்தளை அண்டாக்களுக்கும் பஸ் போகும் ஊர்களின் பெயர். பழனி பஸ்ஸில்தான் கூட்டம் அதிகம் என்பதால் மிகப் பெரியது பழனி. அடுத்தது திருப்பூர். சின்னது கரூர். “பழனிய எறக்கு, கரூர ஏத்து” என்று சமையல்கட்டில் கத்துவதைக் கேட்டுப் புதிதாக வந்த பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

பொருளாதாரப் பாடத்தில் படித்ததை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தேன். தலைப்பு: ‘உதயம் தும்மினால் யாருக்கெல்லாம் சளி பிடிக்கும்?’ வேலுமணி மாஸ்டர், பரிமாறும் நான்கு பேர், பாத்திரம் துலக்கும் ராசாத்தியக்கா. வாழையிலைக்காரர், பால்காரர், விறகுக்காரர், மாவு அரைப்பவர், தண்ணீர் லாரி ஓட்டுநர். கல்லாவுக்குப் பூ கொண்டுவரும் அம்மா. அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று பேர். ஒரு சின்ன ஹோட்டல் எவ்வளவு பெரியது! வியந்து போனேன்.

சாயங்காலம் மாஸ்டர் ஊரிலிருந்து போன் செய்தார். “எப்பண்ணே தொறக்கறீங்க?”

“அடுத்த வாரம் மாஸ்டர்.”

இது மூன்றாவது அடுத்த வாரம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அம்மா வளையல்களைக் கழற்றிவிட்டாள். கேட்டதற்கு, “வெயிலுக்கு அரிக்குது சாமி,” என்றாள். செயினும் அரிக்கிறதாம். வெயில் காலத்தில் தங்கம் தோலை அரிக்கும் என்பதைப் பொது அறிவு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

அதிசயம்! காய்கறி மார்க்கெட்டில் நெரிசல் என்று மார்க்கெட்டையே தூக்கி பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். கோயமுத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் தக்காளி நிற்கிறது. கரூர் பிளாட்பாரத்தில் முருங்கைக்காய். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி லாரியாக வருகிறதாம்.

அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடையைத் திறந்தாரா என்று கேட்டேன். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாராம்.

ஏப்ரல் 23, வியாழன்

இன்று கரூர் ஈயம் பூசப் போனது.

அப்பா அப்படித்தான் சொன்னார். பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டுக் களிம்பு ஏறும். இது அறிவியல். நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம். ஈயக்காரர் பதினொரு மணிக்கு மினி ஆட்டோவில் வந்தார். உயரமானவர், மாஸ்க்குக்கு வெளியே பெரிய மீசை. பின்னால் பெரிய தராசு வைத்திருந்தார். கரூரைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எவ்வளவு ஈயம் தேவைப்படும் என்று கணக்கிடுவதற்காக இருக்கும்.

“நல்லா வெள்ளையாப் பூசிடுவீங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். “பூசறதுதானுங் கண்ணு,” என்றார். “ஆனா நாளாகும்.”

அம்மா வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

அப்பா கொல்லைப்புறத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். “வாட்ச்மேன் வேலைன்னாலும் செரிங்க. மில்லுல தங்கறதுக்கு எடங் குடுத்தாப் போதும். வயசு நாப்பத்தஞ்சுங்க.”

மாஸ்டருக்கு வேலை கேட்கிறார் போலிருக்கிறது. மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது என்பதை அப்பா மறந்துவிட்டார். நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

திருப்பூரும் ஈயம் பூசப் போனது. அடுத்த வியாழன் பழனியின் முறை.

“பழனியும் போயிட்டா கடைச் சாவியக் குடுத்துறலாங்க. அது இல்லாத எடத்துல பூட்டு எதுக்கு?” என்றாள் அம்மா.

கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரருக்கு அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. எதிர் வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது.

மே 6, புதன்

அம்மா ஒரு குண்டைப் போட்டாள்.

யார் வீட்டுப் பாத்திரத்தையும் அம்மா வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டாள். ஒரு கிண்ணம் தயிர் வந்தால், கிண்ணம் திரும்பும்போது அதில் ஒரு பிடி அரிசியாவது, நான்கு கறிவேப்பிலையாவது இருக்கும். அது அவளுடைய சட்டம். இன்று காலை அப்பா, “நாளைக்கு பழனியக் கழுவி வெக்கோணும்,” என்றதும் அம்மா நிமிர்ந்தாள்.

“வெறும் பாத்திரமா அனுப்ப மாட்டேனுங்க.”

“அண்டா கோகிலா அது. ஆட்டோல போகுது.”

“எதுல வேணாலும் போகட்டும். நம்மள வெச்சுச் சோறு போட்டது. கரூரையும் திருப்பூரையும் அனுப்பறப்பவே எனக்கு மனசு ஆகல. நாளைக்கு ஒருக்கா ஒலை ஏத்தி எறக்கிட்டுத்தான் அனுப்போணும்.”

“பழனில கொஞ்சமா ஆக்க முடியாது. ஆக்குனா இருநூறு பேருக்குத்தான். எந்த இருநூறு பேரு?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அரிசியும் பருப்பும் கடைல வண்டு விழுந்துட்டுத்தான கெடக்குது?”

நான் அப்பாவின் முகத்தைக் கவனித்தேன். நாற்பது நாளில் முதல் முறையாக அவர் வலது கை தானாக மூடித் திறந்தது, உப்பு அள்ளுவது போல.

மே 7, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது! எட்டுப் பக்கம் எழுதலாம், ஆனால் டைரியில் மே 7-க்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. நெருக்கி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். அம்மா ஹோட்டல் சமையல்கட்டுக்குள் காலடி வைப்பது இதுதான் முதல் முறை. “இங்கதான் இத்தன வருசம் ஒளிஞ்சிருந்தீங்களா?” என்றாள். அப்பா ஒட்டடை அடித்தார். நான் பருப்பு கழுவினேன். காய் வாங்க எதிரே ஓடினேன். முருங்கைக்காய் விற்கும் ஆறுமுகத்தா அக்கா, “எவ்வளவு வேணும் கண்ணு?” என்றார்.

“இருநூறு பேருக்குங்க்கா.”

“இந்தக் காலத்துல விசேசமா? போலீசு புடிச்சுக்கும்!” என்றார். நான் சாம்பார் சாதம் என்றேன். அவர் மாஸ்க்கை இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். “சோறா? சுடுசோறா?”

பழனி அடுப்பில் ஏறியது. எட்டரை மணிக்குக் கொதித்தது. களக், களக், களக். பெரிய ஆமை ஒன்று சிரிப்பது போன்ற சத்தம்! அப்பா இரண்டடி தள்ளி நின்றார். கண்ணை மூடினார். உப்பை வீசினார். சரியான உப்பு. பெருங்காயத்தை நெய்யில் பொரித்துக் கொட்டியபோது வாசனை கதவைத் திறந்துகொண்டு தெருவைத் தாண்டிப் போனதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எப்படி என்றால், எதிரே பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு மாஸ்க்காக இறங்கியது. கோயமுத்தூர் பிளாட்பாரம், கரூர் பிளாட்பாரம் என்று வரிசையாக மூக்குகள் வெளியே வந்தன.

முதலில் ஆறுமுகத்தா அக்கா தன் தூக்குப்போசியோடு வந்தார். “நடுச்சாமத்துல கெளம்பி வர்றோம். மதியம் வரைக்கும் பச்ச வெள்ளரிக்காயத் தின்னுட்டுக் கெடக்கறோம். போடுங்கண்ணா!” பின்னாலேயே லாரியில் மூட்டை இறக்குபவர்கள். பாத்திரம் இல்லாதவர்கள் வாழையிலை கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டு நீட்டினார். “எடை போட்டே குடுங்கண்ணா,” என்று அவரே சிரித்தார். நான் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி நிற்க வைத்தேன். ஆறடி என்றால் எவ்வளவு என்று அளந்து காட்டவும் செய்தேன்.

அப்போதுதான் மினி ஆட்டோ வந்தது. மணி பதினொன்று. ஈயக்காரர் இறங்கினார். தராசை இறக்கினார். உள்ளே வந்து பழனியைப் பார்த்தார். பழனியில் இன்னும் பாதி இருந்தது. ஆவி பறந்தது.

“என்னண்ணே இது? பாத்திரம் காலியா இருக்கும்னீங்க?”

அப்பா கரண்டியோடு நின்றார். அம்மாதான் பேசினாள். “வெறுமையா அனுப்பற பழக்கமில்லீங்க. சித்த நேரம் உக்காருங்க, காலியாயிரும்.”

“சாம்பாரோட எடை போட முடியாதுங்களே அக்கா.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு காங்கயத்துல வேல இருக்குது. அடுத்த வியாழன் வர்றேன். காலியா வெச்சிருங்க.”

அம்மா ஒரு இலையில் அவருக்கும் சாதம் போட்டுக் கொடுத்தாள். அவர் ஆட்டோவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இலையை வழித்த விதத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு பழனி காலி. அப்பா அதன் உள்ளே தலையை விட்டுப் பார்த்து, “ஒரு பருக்கை இல்ல!” என்று கத்தினார். பழனிக்குள்ளிருந்து இன்னொரு அப்பா, “இல்ல!” என்றார்.

மே 8, வெள்ளி

ஆறுமுகத்தா அக்கா பூட்டிய கடை வாசலில் தூக்குப்போசியோடு நின்றாராம். எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். “நேத்து மட்டுந்தானா? நேத்து மட்டும் பசிச்சவங்களா நாங்க?” என்று கேட்கச் சொன்னாராம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

மே 12, செவ்வாய்

ஐந்து நாளாகத் தினமும் பழனி ஏறுகிறது, கல்லாவில் காசும் கொஞ்சம் விழுகிறது. இன்று எலுமிச்சை சாதமும். அம்மா இப்போது அடுப்படியில் அப்பாவுக்கே கட்டளை இடுகிறாள். “அக்கட்ட நகருங்க!” என்கிறாள். அப்பா நகர்கிறார்.

ஆனால் அரிசி மூட்டை முடியப்போகிறது, பழனியை விலை... பழனிக்கு ஈயம் பூசுவதாகக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. வாங்கிய அட்வான்ஸ், கொடுத்த வாக்கு. வியாழக்கிழமை அவர் வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அப்பா வாக்கு மாறமாட்டார். எனக்கு அது மிகவும் பெருமை. மிகவும் கஷ்டமும்.

நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொதிக்கிற பாத்திரத்தை எடை போட முடியாது. இது ஓர் அறிவியல் உண்மை.

மே 14, வியாழன்

ஈயக்காரர் பதினொரு மணிக்கு வருவார். வழக்கமாக அந்த நேரத்தில் பழனி காலியாகிக்கொண்டிருக்கும். எனவே காலையில் அப்பாவிடம், வியாழக்கிழமை ஒட்டன்சத்திரம் லாரி தாமதமாக வருகிறது, ஆட்கள் பசிக்கும் நேரமும் தள்ளிப் போகிறது, ஒன்பதரைக்கு மேல் உலை வைத்தால் போதும் என்றேன். இது முழுப் பொய் இல்லை. ஒரு வியாழக்கிழமை ஒரு லாரி பத்து நிமிடம் தாமதமாக வந்தது.

பதினொரு மணிக்கு அவர் தராசோடு உள்ளே வந்தபோது பழனி விளிம்பு வரை நிறைந்து களக் களக் என்றது.

“மறுக்காவுமா?” என்றார்.

அப்பா தலை குனிந்தார். “இல்லீங்க, இன்னைக்குக் குடுத்தர்றேன். வந்தவங்க அல்லாருக்கும் போட்டு முடிச்சுட்டு... கண்ணு, நீ லாரி லேட்டுன்னு சொன்னியே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொது அறிவு நோட்டைப் பார்த்தேன்.

ஈயக்காரர் என் பக்கம் குனிந்தார். “ஏங் கண்ணு, ஒவ்வொரு வியாழனும் இது இப்படித்தான் கொதிக்குமா?”

“ஆமாங்க,” என்றேன். “அடுத்த வியாழனும் கொதிக்கும்னு நெனைக்கறேன்.”

அவர் மீசை மாஸ்க்குக்கு வெளியே அசைந்தது. தராசைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, “உப்பு இன்னைக்கும் செரியா இருக்குதான்னு பாக்கோணும்,” என்று ஒரு இலைச் சோறு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு விஷயம். ஏப்ரல் 23 அன்று நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அன்றைக்கே எனக்குத் தெரியும். திருத்த விருப்பமில்லை.

மே 15, வெள்ளி

அப்பா கட்டடக்காரரைப் பார்க்கப் போனார். சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாவியோடு திரும்பி வந்தார்!! அவருக்கும் இரண்டு பொட்டலம் கொண்டுபோயிருந்தார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றாராம்.

மே 21, வியாழன்

பதினொரு மணி. மினி ஆட்டோ. நான் ஓடிப்போய் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

ஆனால் அவர் தராசு கொண்டுவரவில்லை. நான்கடுக்குத் தூக்குப்போசி கொண்டுவந்தார். வீட்டில் அவர் மனைவி, ஊரடங்கில் வந்து சிக்கிய மச்சான், மச்சான் குடும்பம், எல்லோருக்கும்.

“அண்ணே, அட்வான்ஸ இந்தக் கணக்குல கழிச்சுக்கங்க. உங்க அண்டாவ நான் எப்பத்தான் எடை போடறது? உங்க புள்ள கொதிக்க வெச்சுக்கிட்டே இருக்குது.”

அப்பா அவர் தூக்குப்போசியை வாங்கி நிரப்பத் தொடங்கினார். நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கரூரும் திருப்பூரும்?” என்று நான் கேட்டேன்.

அவர் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். “அது போயிருச்சு கண்ணு. உருக்கற எடத்துக்கே போயிருச்சு.” பிறகு ஆட்டோவின் பின்னால் போய் ஓர் அலுமினிய அண்டாவைத் தூக்கி வந்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. “இத யாரோ போட்டுட்டுப் போனாங்க. பித்தளை இல்ல. ஈயம் பூச வேண்டியதில்ல.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் படித்தவர்கள் போல நடந்துகொண்டோம்.

பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு. ஒட்டன்சத்திரம் என்று வைத்தேன். பஸ்ஸில் இல்லை, லாரியில் வந்த சோறு.

ஜூன் 8, திங்கள்

இன்றிலிருந்து ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம்! பாதி நாற்காலிகளுக்கு மட்டும் அனுமதி. மற்றவற்றின் மேல் நான் ‘அமர வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினேன், மூன்று வண்ணங்களில். மார்க்கெட் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஆறுமுகத்தா அக்கா அங்கிருந்தே தூக்குப்போசி அனுப்புகிறார், மொத்தம் இருபத்தாறு பேருக்கு. பஸ்கள் திரும்பிவிட்டன. திருப்பூர் வருகிறது, கரூர் வருகிறது. பழனி பஸ் மட்டும் இன்னும் இல்லை. அந்த மாவட்டத்துக்கு அனுமதி வரவில்லை. பரவாயில்லை, பழனி எங்களிடம் இருக்கிறது. பஸ்ஸில் இல்லாதது அடுப்பில் இருக்கிறது, பஸ்ஸில் இருப்பதெல்லாம் அடுப்பில் இல்லை!

வேலுமணி மாஸ்டர் வந்துவிட்டார். “அடுத்த வாரம் ஒருவழியா வந்துருச்சுங்கண்ணே,” என்றார். பரிமாறுபவர்களில் இருவர் வந்தார்கள். இரண்டு பேர் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ராசாத்தியக்காவுக்கு இன்னும் செய்தி சொல்ல முடியவில்லை, போன் அணைந்திருக்கிறது. என் நாற்பத்து மூன்றில் பத்தொன்பது பேருக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறேன்.

ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தோம். யாரும் வரவில்லை. எட்டு மணி. எல்லோரும் உள்ளே வந்து உட்காரப் பயப்படுகிறார்கள், பார்சலே கேட்கிறார்கள். அப்பா காலி மேசைகளைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

அப்போது அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நேராகப் போய் ஜன்னலோர மேசையில், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, இங்க ஆளில்லீங்களா? நாலு இட்லி கொண்டாங்க.”

பதினைந்து வருடத்தில் அம்மா எங்கள் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஓட்டல்காரர் பெண்டாட்டி கடையில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்பாள். அப்பா இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். இட்லி வைத்து, பழனியிலிருந்து வாளியில் எடுத்த சாம்பாரை ஊற்றினார். மாஸ்டர், பரிமாறுபவர்கள், நான், எல்லோரும் நின்று பார்த்தோம்.

அம்மா சாப்பிட்டாள். கை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டாள். வெயில் காலம் முடிந்துவிட்டது, காற்றடிக்கிறது, ஆனாலும் அந்தக் கையில் வளையல் இல்லை. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை.

“எப்படிங்க அம்மிணி?” என்றார் அப்பா, பயணிகளிடம் கேட்பது போல.

அம்மா யோசித்தாள். “உப்பு ஒரு கல்லு கம்மிங்க.”

“கம்மியா!” அப்பா துள்ளினார். “மாஸ்டர், கேட்டீங்களா? கம்மியாம்! என்ற கை கம்மியாப் போட்டிருக்குது!” இவ்வளவு சந்தோஷமாக யாரும் குறை கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சத்தத்தில் வெளியே நின்றிருந்த கரூர் பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அம்மா சாப்பிடுவதைப் பார்த்தார். “உள்ள உக்காரலாமுங்களா?” என்றார்.

ஒன்பது மணிக்கு, அமரக்கூடிய எல்லா நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. பதினான்கு!

ஜூன் 10, புதன்

சோகமான, மகிழ்ச்சியான செய்தி. அப்பா டைரியைத் திருப்பிக் கேட்கிறார். மூலனூரில் ஒரு கல்யாணம், ஐம்பது பேர்தான் அனுமதி, சாப்பாடு உதயத்திலிருந்து. தேதி மறந்துவிடாமல் எழுதி வைக்க வேண்டுமாம்.

எனக்கு வேறு நோட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். பின்பக்கங்களில் மட்டும் எழுத வேண்டும், முன்பக்கங்களைப் படிக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறேன். அப்பா வாக்கு மாறமாட்டார்.

ஜூன் 14, ஞாயிறு

மூலனூர் கல்யாணம். 50 பேர். சாம்பார், ரசம், பாயசம். ஒட்டன்சத்திரம் போதும், பழனி வேண்டாம்.

கண்ணு, நான் படிக்கல. ஆனா மார்ச் 27-ல சாம்பார் ஒரு வாளி இல்ல, அரை வாளிதான்.

ஏப்ரல் 23 அப்படியே இருக்கட்டும்.